சூரி எங்கே போனான் என்று கேட்பது பிழையான கேள்வியா?

நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் முழுக்க வாசியுங்கள். வாசிக்காமல் ‘வாழ்த்துக்கள் சேர்’ என்று கொமெண்ட் போட வேண்டாம்.

வாசிப்பு உத்திகள் என்ற பெயரில் எங்கள் பாடசாலைகளில் இப்போது நடப்பது வாசிப்பே இல்லை, படிவம் நிரப்புதல். ஒரு தாளில் நாலு பெட்டி. முன்னறிதல், வினா எழுப்புதல், தெளிவுபடுத்தல், சுருக்குதல். பிள்ளை கதையை வாசித்ததோ இல்லையோ நாலு பெட்டியும் நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பிய தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுமத்தில் போட்டால் அந்த மாத வேலை முடிந்தது.

இந்த நாலும் எங்கிருந்து வந்தன என்று பயிற்சிக் கல்லூரியில் படித்த எல்லோருக்கும் தெரியும், பரீட்சைக்குப் பிறகு மறந்திருப்போம். பலின்சர், பிரவுண் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984இல் எழுதிய கட்டுரை அது. சொல்லை வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு வேலை செய்தார்கள். அவர்களின் முறைக்குப் பெயரே மாறிமாறிக் கற்பித்தல். முதலில் ஆசிரியர் கேட்டுக் காட்டுவார், பிறகு அந்த இடத்தில் பிள்ளை உட்கார்ந்து மற்றவர்களிடம் கேட்கும். அதாவது கேள்வி பிள்ளையின் கைக்குப் போக வேண்டும். அதுதான் முழு விசயமும். எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது பெட்டி நாலும் வந்தது, மாறிமாறி என்பது வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

இனி நடந்ததைச் சொல்கிறோம். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு ஒரு போட்டி. வாசிப்பு உத்திகளைக் கொண்டு ஒரு சாகச நாவலை அணுகிப் பத்து நிமிடம் பேச வேண்டும். நெடுந்தீவுப் பெடியன் ஒருவன், தரம் 10, ரொபின்சன் குரூசோவை எடுத்தான். பள்ளியில் இருந்தது தமிழில் ஒரு மெல்லிய சுருக்கப் பதிப்பு. அதை வாசித்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: “சேர், சூரி எங்க போனான்?”

குரூசோ தீவில் ஒதுங்குவதற்கு முந்திய கதை பலருக்கு ஞாபகம் இராது. அவன் முதலில் மொரோக்கோவின் சாலே துறைமுகத்தில் இரண்டு வருடம் அடிமையாக இருக்கிறான். மீன்பிடி வள்ளத்தில் தப்பி ஓடும்போது கூடப் போகிறவன்தான் சூரி, முஸ்லிம் சிறுவன். ஆபிரிக்கக் கரையோரமாக இருவரும் நாட்கணக்கில் போகிறார்கள். போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று அவர்களை ஏற்றிக்கொள்கிறது. எங்களிடம் இருந்த சுருக்கத்தில் அடுத்த வரி, குரூசோ பிரேசில் போய்த் தோட்டம் வாங்கினான். சூரி இல்லை. அலையடித்துக்கொண்டு போனானா, ஊர் திரும்பினானா, ஒன்றுமில்லை.

முழுநூல் ஆங்கிலத்தில் கூட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. சூரி வரும் பக்கங்களை அச்செடுத்து, அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று மாலை வாசித்தோம். பதில் அங்கே இருந்தது. குரூசோ அவனை அந்தக் கப்பற் தலைவனுக்கு 60 வெள்ளிக்காசுக்கு விற்றுவிடுகிறான். கிறிஸ்தவனாக மாறினால் பத்து வருடத்தில் விடுதலை என்று ஒரு நிபந்தனை. தண்ணீர் எடுக்கக் கரைக்குத் தனியே போகிறேன், காட்டு மனிதர் வந்தால் என்னைத் தின்னட்டும், நீ தப்பிப் போ என்று சொன்ன சிறுவனை. தானே இரண்டு வருடம் அடிமையாய்க் கிடந்தவன் விற்கிறான்.

பெடியன் அடுத்த பக்கங்களையும் விடவில்லை. பிரேசில் தோட்டத்தில் ஆள் போதாமல் திண்டாடும்போது, சூரியை விட்டது பிழையாகப் போயிற்றே என்று குரூசோ நினைக்கிற இடத்தை அவனே கண்டுபிடித்தான். “சேர், இது பாவம் செய்தன் எண்டு கவலைப்படுறது இல்லை. வேலைக்கு ஆள் இல்லை எண்டு கவலைப்படுறது.” அனுமானித்தல் என்றால் இதுதான். பட்டறைகளில் பிஸ்கட்டும் தேநீரும் தந்து எங்களுக்கு விளங்கப்படுத்தப் பார்த்ததை ஒரு மீன்பிடிகாரரின் மகன் ஒரு வசனத்தில் செய்துகாட்டிவிட்டான்.

நடுவராக வந்தவர் எழுதிய குறிப்பு: வினாக்கள் கதையின் மையத்தோடு தொடர்பற்றவை. விடாமுயற்சி, தன்னம்பிக்கை ஆகிய விழுமியங்கள் எடுத்துக்காட்டப்படவில்லை.

தோற்றதற்காக இதை எழுதவில்லை. போட்டி என்றால் யாரோ தோற்கத்தான் வேண்டும். ஆனால் எது மையம் என்று யார் முடிவுசெய்தது? 1719இல் டானியல் டிஃபோ எழுதிய நாவலில் குரூசோவின் கப்பல் எதற்காகப் போய் உடைகிறது? கினிக் கரைக்கு அடிமை ஏற்றப் போய். அதை வெட்டிவிட்டு விடாமுயற்சியை மட்டும் வைத்திருப்பது டிஃபோவும் இல்லை, சுருக்கம் செய்தவர் வைத்த மையம். அதைப் பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்புவித்தால் முதலாம் இடம், வெட்டின இடத்தைக் கண்டுபிடித்தால் தொடர்பற்ற வினா.

சில ஆசிரிய நண்பர்கள் இதைக் கேட்டுவிட்டு, அந்தக் காலத்தில் உத்தியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, நாங்கள் சும்மா வாசித்து வளரவில்லையா என்றார்கள். வளர்ந்தீர்கள்தான். வீட்டில் புத்தகம் இருந்தது, வாசித்துவிட்டுக் கதைக்க ஓர் அண்ணனோ மாமாவோ இருந்தார். குறிகட்டுவானில் போட்டுக்குக் காத்திருந்து, கடல் குழம்பினால் வீட்டிலேயே நின்றுவிடுகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்? கேட்கப் பழக்க வேண்டியது எங்கள் வேலை. உத்தி தேவை. பெட்டிதான் தேவையில்லை.

சொந்த வாழ்க்கையோடு தொடர்புபடுத்தல் என்றும் ஓர் உத்தி உண்டு. நீயும் இப்படி விடாமுயற்சி செய்த ஒரு சம்பவம் எழுது என்பதோடு அது முடிந்துவிடும். இந்தப் பெடியன் தொடர்புபடுத்திய விதத்தைப் பாருங்கள். தீவுக்கு வந்தவனின் பெயர் என்னவென்று குரூசோ கேட்கவே இல்லை, வெள்ளிக்கிழமை காப்பாற்றியதால் வெள்ளி என்று கூப்பிடுகிறான், தன்னை எஜமான் என்று சொல்லப் பழக்குகிறான். “எங்கட தீவையும் அப்பிடித்தானே டெல்ஃப்ட் எண்டவை” என்றான். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், நயினாதீவுக்கு ஹார்லெம், காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம் என்று வைத்தார்கள். மற்றவை போய்விட்டன, டெல்ஃப்ட் இன்றைக்கும் ஆங்கில வரைபடத்தில் நிற்கிறது. வரைபடத்தில் சொந்த ஊரை இன்னொருவன் வைத்த பெயரில் பார்க்கிற பிள்ளைக்கு வெள்ளியின் நிலை விளங்குகிறது.

இன்னொரு பிள்ளை சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். குரூசோ 28 வருடம் கழித்துத் திரும்பி வரும்போது பிரேசில் தோட்டமும் வருமானக் கணக்கும் அவனுக்காகப் பத்திரமாக இருக்கின்றன. அந்த இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். அம்மம்மாவின் காணியில் கிணறும் தூர்ந்து, பற்றையும் மூடிப்போய்க் கிடக்கிறதாம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, இருபது வருடத்துக்குப் பிறகு வந்து சுவர் மட்டும் நிற்பதைப் பார்த்த முஸ்லிம்களான எங்களுக்கும் அந்தச் சிரிப்பு விளங்கியது. கதையின் எந்தப் பகுதி சாகசம், எந்தப் பகுதி கற்பனை என்று அந்தப் பிள்ளைகள் சரியாகத்தான் பிரித்தார்கள்.

நாவல் அந்நியமானது, தீவுப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. குரூசோ கதைப்படி 1659 செப்டெம்பர் 30இல் கரையொதுங்குகிறான். அடுத்த வருடம் 1660இல் ரொபேட் நொக்ஸ் என்ற உண்மையான ஆங்கில மாலுமி மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி அரசனின் கைதியாகிறார். 1679இல் மன்னார் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வருகிறார். 1681இல் இலங்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் டிஃபோவுக்கு நன்றாகத் தெரியும், 1720இல் எழுதிய இன்னொரு நாவலில் நொக்ஸின் கதையையே சேர்த்திருக்கிறார். பிறகு அதே நொக்ஸ் கும்பனிக் கப்பலில் மடகாஸ்கருக்கு அடிமை வாங்கப் போனவர். சூரியின் கேள்வியைக் கேட்காத ஒருவருக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படப்போவதில்லை.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு சொல். இந்தப் போட்டிக் கதை பரவியதும், குரூசோ முழுக்க இப்னு துஃபைலின் ஹய்யு இப்னு யக்ளானிலிருந்து திருடியது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். ஹய்யு 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் எழுதப்பட்ட நூல், ஆளில்லாத தீவில் மானிடம் வளரும் பிள்ளையின் கதை. சைமன் ஒக்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1708இல் வந்துவிட்டது, அதுவும் உண்மை. டிஃபோ அதை வாசித்தார் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. திருட்டு என்று பெருமைப்படுவதை விட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஹய்யின் தீவுக்கு வரும் அப்ஸால் அவனுக்கு மொழி சொல்லிக்கொடுக்கிறான், அவனிடமிருந்து தானும் கற்றுக்கொள்கிறான். அங்கே எஜமான் என்ற சொல் முதற்பாடமாக இல்லை. (தகப்பனின் தாடி மீது சூரி சத்தியம் செய்கிறானாம். அல்லாஹ்வைத் தவிர வேறெதன் மீதும் சத்தியம் செய்யக்கூடாது என்று டிஃபோவுக்கு யாரும் சொல்லவில்லைப் போல.)

அடுத்த தவணைக்கும் அந்த நாலு பெட்டித் தாள் வந்திருக்கிறது. நாங்கள் அதை நிரப்பி அனுப்பப் போவதில்லை. பிள்ளைகள் எழுதிய கேள்விகளை அப்படியே கொப்பியிலிருந்து பிரதியெடுத்து அனுப்புவோம், புள்ளி போடுகிறவர்கள் போடட்டும்.

வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் புத்தகம் அனுப்பவா என்று கேட்பவர்களுக்கு நன்றி. ஒரேயொரு வேண்டுகோள், சுருக்கப் பதிப்பு வேண்டாம். முழுநூல் ஒன்று போதும், மிச்சத்தைப் பிரதியெடுத்துக்கொள்வோம். கடல் பெரும்பாலும் தை மாதம் வரை குழப்பம், பொதியை நல்ல பொலித்தீனில் சுற்றி அனுப்புங்கள்.