ஹம்து என்ன, பற்றுச்சீட்டா?

மகன் பரீட்சையில் தேறிவிட்டான்: அல்ஹம்துலில்லாஹ். பாகப்பிரிவினை வழக்குத் தீர்ந்தது: அல்ஹம்துலில்லாஹ். வளைகுடாவுக்கு விசா வந்துவிட்டது: அல்ஹம்துலில்லாஹ், கூடவே நேர்ச்சைக்கு நெய்ச்சோறு. நம்மவர் நாவில் ஹம்து இனிக்கின்ற இடங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். யாவும் கை நிறைந்த பின்னர் வருபவை. கை வெறுமையாய் இருக்கும் நாள்களில் அந்த நா எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? சரக்கு வந்து சேர்ந்த பின்பே கையொப்பமிடும் பற்றுச்சீட்டாக அல்லவா இறைபுகழை ஆக்கிவிட்டோம்!

அரபு மொழியில் ஷுக்ர் என்றும் ஹம்து என்றும் இரு சொற்கள் இருப்பது வீணுக்கன்று. பெற்ற நன்மைக்காகச் செலுத்துவது ஷுக்ர். பெற்றாலும் பெறாவிடினும், அவன் இறைவனாய் இருப்பதற்காகவே அவனைப் புகழ்வது ஹம்து. மார்க்க அறிஞர் பலர் இவ்வாறு பிரித்துக் காட்டியுள்ளனர். அவ்வளவு தூரம் போவானேன்? கடமையான தொழுகைகளில் மட்டும் நாளொன்றுக்கு 17 ரக்அத்துகளில் பாத்திஹா ஓதுகிறோமே, அதன் அமைப்பே போதுமே! அது புகழில் தொடங்குகிறது; நேர்வழியை வேண்டுவது அதற்குப் பின்னர்தான். கேட்பதற்கு முன்பே புகழுமாறு நாள்தோறும் பழக்கப்பட்ட சமுதாயம், கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது விந்தையிலும் விந்தை.

யூனுஸ் நபி (அலை) அவர்கள் துதித்தது கரையேறிய பிறகன்று. மீனின் வயிற்றிலே, கரை எங்கே என்று தெரியாத இருளிலே. இதைச் சொன்னவுடன் நம் மேடைப் பேச்சாளர் சிலர் முந்திக்கொள்வர்: "பார்த்தீர்களா, துதித்தார், விடுதலை பெற்றார்! நீங்களும் துதியுங்கள், உங்கள் காரியமும் ஆகும்!" இவர்களோடுதான் நமக்கு வழக்கு. துதிப்போர்க்கு இறைவன் அருள்வதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் கற்பிப்பது வேறு. பற்றுச்சீட்டை முன்பணமாக மாற்றியிருக்கிறார்கள். வாணிபம் வாணிபமாகவே இருக்கிறது.

உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களை இவர்கள் என்ன செய்வார்கள்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகன். மதீனாவின் பேரறிஞர் எழுவருள் ஒருவர். கலீஃபா வலீதைக் காண டமாஸ்கஸ் சென்ற பயணத்தில் அவருடைய கால் அழுகி, அறுத்து எடுக்க நேர்ந்தது. அதே பயணத்தில் மகனொருவரையும் பறிகொடுத்தார். எடுத்துக்கொண்டவன் எவ்வளவை விட்டுவைத்திருக்கிறான் என்று சொல்லி அவர் புகழ்ந்ததாக வரலாற்று நூலோர் எழுதுகின்றனர். போன கால் முளைத்ததா? மகன் மீண்டாரா? இல்லை. ஹம்து மட்டும் நின்றது.

இனி வேறொரு சாராரும் உண்டு. இவர்கள் இன்னும் கொடியவர்கள் என்றே சொல்வோம். பிறர் வாயை அடைப்பதற்கு ஹம்தைப் பயன்படுத்துபவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மய்யித்து வீட்டுக்குச் சென்றிருந்தோம். கடல் கடந்து வேலைக்குப் போன பிள்ளை, பல நாள் கழித்துப் பெட்டியில் வந்திருந்தான். தாய் மாரடிக்கவில்லை, ஓலமிடவில்லை. கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவே. ஊர்ப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று, "அழாதேம்மா, ஈமான் போய்விடும், அல்ஹம்துலில்லாஹ் சொல்லு" என்று அதட்டினார். பிள்ளையைப் பறிகொடுத்தும் புகழ்வோர்க்குச் சுவனத்தில் எழும் 'பைத்துல் ஹம்து' என்னும் மாளிகையைப் பற்றிய நபிமொழியையும் எடுத்துரைத்தார்.

அந்த மாளிகை, புண்பட்ட நெஞ்சிலிருந்து தானாக எழும் புகழுக்கு உரியது. அதட்டி வாங்கும் சொல்லுக்கா? யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனுக்காக அழுது கண்பார்வையே வெளுத்துப் போனார்கள். தம் துயரை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். அவர்களுடைய ஈமான் போய்விட்டதா? பெருமானார் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் உயிர் பிரியும்போது கண்ணீர் உகுத்தார்கள், "தாங்களுமா?" என்று வியந்த தோழருக்கு, அஃது இரக்கம் என்று விடை தந்தார்கள். ஒப்பாரியைத் தடுத்த அதே பெருமானார், கண்ணீரைத் தடுக்கவில்லை. கண் அழ, நா இறைவனுக்கு உவப்பானதையே மொழிய, இரண்டும் ஒரே முகத்தில் இருந்தன.

மய்யித்தை எடுத்துச் சென்ற பின்னர் அந்தத் தாய், எவரும் சொல்லாமலே, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லிய குரலில் அந்தச் சொல்லை மொழிந்ததாக வீட்டுப் பெண்கள் கூறினர். பெரியவர் அதற்குள் போய்விட்டிருந்தார். வாசலில் அவரை மறுத்துப் பேச அன்று நமக்கு நா எழவில்லை. இவ்வளவு தாமதித்து எழுதுவதும் அதனால்தான்.