அரை மணி நேரம் சின்ன விஷயமா?

"வார்டில் மாத்திரை எட்டு, இரண்டு, எட்டு மணிக்குத்தான். பார்க்கின்சன் நோயாளிக்கென்று தனியாகக் கடிகாரம் பார்க்க முடியாது" என்கிறார்கள். நர்ஸ் பற்றாக்குறை உண்மை. ஆனால் இந்நோய்க்கான லெவோடோபா மருந்தில் பாதி சுமார் ஒன்றரை மணி நேரத்திலேயே ரத்தத்தை விட்டுப் போய்விடும். பதினொரு மணி மாத்திரை இரண்டுக்கு வந்தால், காலையில் தானே இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டவர் மதியம் தண்ணீரை விழுங்கவும் திணறலாம். அடியோடு நிறுத்தினால் உடல் விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். இங்கிலாந்தின் 2018 தரநிலை, குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் கொடுக்கச் சொல்கிறது. வசதிக்காக எழுதியதல்ல அது.

ஆளில்லையா? மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கட்டிலருகே மகளோ மருமகளோ உட்கார்ந்தேதான் இருக்கிறார். கேஸ் ஷீட்டில் அந்தந்த நோயாளியின் மாத்திரை நேரத்தை எழுதுங்கள். மாத்திரையை உடனிருப்பவர் கையில் விடுங்கள்.