நலமாக இருக்கும் ஆமைதான் ஆபத்து

கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட நட்சத்திர ஆமையை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றலாம், அதனால் யாருக்கும் தீங்கு வராது என்று சேக்காட்டில் விலங்கு ஆர்வலர் ஒருவர் அடித்துச் சொல்லிவருகிறார். 'ஆமை நன்றாகத் தின்கிறது, மூக்கில் சளி இல்லை. பிறகென்ன நோய்?' என்று கேட்கிறார். இந்தக் கேள்வியே போதும், அவருக்கு விஷயத்தின் அரிச்சுவடிகூடத் தெரியாது என்பதற்கு.

ஆமைக்கு மூக்கொழுக வைக்கும் மைகோபிளாஸ்மா வேறு, மனிதரைப் படுக்கையில் தள்ளும் சால்மொனெல்லா வேறு. முன்னது ஆமைக்கு ஆமை தொற்றுவது. பின்னது ஆமையின் குடலில் சத்தமில்லாமல் குடியிருப்பது. பெரும்பாலும் ஆமைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. எச்சத்தின் வழியே வெளியேறி ஓட்டிலும் தோலிலும் தொட்டித் தண்ணீரிலும் படிகிறது. அந்த ஆமையைத்தான் இவர் சமையலறைத் தொட்டியில் குளிப்பாட்டச் சொல்கிறார்.

'பரிசோதித்தேன், கிருமி இல்லை' என்கிறார். சால்மொனெல்லா தினமும் வெளியேறுவதில்லை, விட்டுவிட்டுத்தான் வரும். இன்றைய எச்சம் சுத்தமாக இருப்பதை வைத்து அடுத்த வாரத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. கடத்தல்காரர்கள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் அடைத்து, பட்டினி போட்டுக் கொண்டுவந்த ஆமை இன்னும் மோசம். உடல் நலிவிலும் அச்சத்திலும் அது கிருமியை அதிகம் வெளியேற்றும்.

எனக்குப் பொறுக்காதது அவருடைய மருந்து யோசனை. ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் கிருமி ஒழியுமாம்! அமெரிக்காவின் லூசியானா ஆமைப் பண்ணைக்காரர்கள் முட்டைகளை ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கில் நனைத்துப் பார்த்தார்கள். கடைசியில் மிஞ்சியது ஜென்டாமைசினுக்கே மசியாத சால்மொனெல்லா. ஆஸ்பத்திரியில் நம் குழந்தைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொட்டைமாடித் தொட்டியில் கரைத்து வீணாக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

'பல வருடமாக வளர்க்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பது வாதமே அல்ல. திடகாத்திரமான ஆளுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போகலாம். அது ஆமையால் வந்தது என்றுகூட அவருக்குத் தெரியாது. தரையில் தவழும் கைக்குழந்தைக்கு அதே கிருமி ரத்தத்தில் ஏறலாம், மூளைக்காய்ச்சல் வரை போகலாம். அமெரிக்கா 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனைக்குத் தடை போட்டதே குழந்தைகள் அவற்றை வாயில் வைத்துவிடுவதால்தான். அந்தத் தடையால் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் குழந்தைகள் தொற்றிலிருந்து தப்பினார்கள் என்பது அங்கே போட்ட கணக்கு.

வளர்க்க முடியாவிட்டால் ஏரியில் விட்டுவிடலாம் என்கிறார். நட்சத்திர ஆமை புதர்க்காட்டு உயிர். அதற்கு நீந்தத் தெரியாது. ஏரியில் விட்டால் மூழ்கிச் சாகும். காட்டிலேயே கொண்டுபோய் விட்டாலும், வெளியே தெரியாமல் அதனிடம் மைகோபிளாஸ்மா இருந்தால் அங்குள்ள ஆமைகளுக்குப் பரவும்.

சட்டத்தையும் அவர் மறைக்கிறார். 2022 திருத்தத்துக்குப் பின் நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அவர் பேச்சை நம்பி ஆமையை ஒளித்து வளர்க்கும் குடும்பம், குழந்தைக்குக் காய்ச்சலும் ரத்தபேதியும் வந்தால், டாக்டரிடமும் ஆமை இருப்பதைச் சொல்லாது. அது தெரியாத டாக்டர் ஹோட்டல் சாப்பாட்டைச் சந்தேகித்து மருந்து எழுதுவார். குழந்தை வீடு திரும்பி, மறுபடியும் அதே தரையில் தவழும்.