ஃபார்மட் போடுவதற்கு முன் ஒரு கையெழுத்து வேண்டும்

கம்ப்யூட்டரில் சின்னக் கோளாறு என்று கடைக்குக் கொண்டுபோனால், பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லுகிற மருந்து ஒன்றுதான்: "ஃபார்மட் போட்டுரலாம் சார்." தலைவலி என்று போனவனுக்குத் தலையையே எடுத்துவிடுகிற வைத்தியம் இது. இந்த வழக்கத்தைக் கண்டித்துத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வந்த கடிதமும் போன கடிதமும் பதிவேட்டில் ஏறும். இந்தக் கோப்பு நிரந்தரம், இது பத்து வருஷம், இது ஒரு வருஷம் என்று கணக்கு உண்டு. கெடு முடிந்த கோப்பைக்கூட அதிகாரி உத்தரவு இல்லாமல் கிழிக்க முடியாது. இங்கேயோ ஒரு பையன் என்டர் கீயைத் தட்டி ஒரு ரெக்கார்டு ரூமுக்கே தீ வைக்கிறான். ஏன் என்று கேட்பார் இல்லை.

எனக்கு நடந்தது 2009-இல். ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான புளியறைக்குக் குடிவந்திருந்த சமயம். சாரல் காலத்தில் கரண்ட் வந்து வந்து போனதில் கம்ப்யூட்டர் பாதியிலேயே நின்றது. பக்கத்து டவுனில் ஒரு கடையில், "மெயில் எல்லாம் இருக்குப்பா, பத்திரம்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். பாரீஸில் இருந்த என் அண்ணன் எழுதிய எட்டு வருஷத்துக் கடிதங்கள் அதில் இருந்தன. முந்தைய வருஷம்தான் அவர் காலமாகியிருந்தார். இருவரும் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்கள். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ் என்று எழுதுவார். அம்மா வைத்த மீன்குழம்பு முதல் பென்ஷன் பேப்பர் வரை எல்லாம் வரும். கடையிலிருந்து திரும்பி வந்ததோ காலி மிஷின். "மை டாக்குமெண்ட்ஸ் காப்பி பண்ணிட்டேன் சார், மெயில் அதுல இல்லையே" என்றான்.

இருக்காதுதான். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தன் கடிதங்களை விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஒரு ஃபோல்டரில், டி.பி.எக்ஸ் என்று முடியும் கோப்புகளாகப் போட்டுவைக்கும். அன்றைய பாப் முறையில், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறங்கிய கடிதம் சர்வரிலிருந்து போய்விடுவதுதான் வழக்கம். ஆக அந்தக் கடிதத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த ஹார்டு டிஸ்க். இது தொழில் செய்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

விரைவு ஃபார்மட் அட்டவணையைத்தான் துடைக்கும். அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை கடிதங்கள் அப்படியே கிடக்கும். ஆகவே முதல் வேலை, அந்த டிஸ்கைத் தொடாமல் இருப்பது. மச்சினன் மகன் அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்காக மாட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, கிடைத்ததை வேறொரு டிஸ்கில் இறக்கினான். பாதிக்கும் குறைவாகத்தான் தேறியது. மற்ற இடத்தில் புது விண்டோஸ் உட்கார்ந்துவிட்டது. தேறியதிலும் தமிழ்ப் பகுதி பூச்சிபூச்சியாகத் தெரிந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கியில் அடித்தவை அவை. பொங்குதமிழ் மாற்றியில் போட்ட பிறகுதான் அண்ணன் பேசினார். இன்றைய எஸ்.எஸ்.டி.யில் இந்த அதிர்ஷ்டமும் அநேகமாகக் கிடையாது. அழித்த இடத்தை ட்ரிம் என்ற ஏற்பாடு தானே துப்புரவு செய்துவிடும்.

"இப்ப எல்லாம் கிளவுட்ல இருக்கு தாத்தா" என்கிறாள் பேத்தி. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் பலருடைய பெட்டி காலியானது. பயனர்களில் 0.02 சதவீதம் என்றது கூகுள். கடிதங்களை மீட்டது எதிலிருந்து? இணைப்பில்லாமல் தனியே வைத்திருந்த டேப்பிலிருந்து! இரண்டு வருஷம் திறக்காத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்குவோம் என்றும் அவர்களே அறிவித்தார்கள். செத்தவர் கணக்கை யார் திறப்பார்கள்?

எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கிய நாட்குறிப்பு, 1761-இல் அவர் மறைந்து 85 வருஷம் கழித்து, 1846-இல் கண்டெடுக்கப்பட்டது. பிறகு படி எடுத்தார்கள். இரண்டு வருஷம் திறக்கவில்லை என்று அந்தக் காகிதத்தை யாரும் நீக்கிவிடவில்லை.

பேக்கப்புக்குப் பிரெஞ்சில் சோவ்கார்த் என்று பெயர். காப்பாற்றுதல் என்று அர்த்தம். கூகுள் டேக்அவுட் உங்கள் கடிதங்களை எம்பாக்ஸ் கோப்பாகத் தரும், காசு கேட்காது. இரண்டு டிஸ்கில் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். எங்கள் மலையடிவாரத்து இடி, ஒரே மேஜையில் இருக்கும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

கடைக்காரர்களுக்கு ஒன்று. ரசீதில் ஒரு வரி சேருங்கள்: "மெயில் உட்பட நகல் எடுக்கப்பட்டது." வாடிக்கையாளர் அதைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஃபார்மட். எழுதித் தர மறுக்கிற கடையிலிருந்து, வாசகர்களே, மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.