41 கட்டளைகளுக்குள் ஒரு தொழில்

நிரலாக்கத்தின் தொடக்கம் பற்றி நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் பாதி, எது முதல் கணினி என்ற வழக்கைத் தாண்டுவதே இல்லை. பென்சில்வேனியாவின் எனியாக்கா, மான்செஸ்டரின் சோதனைப் பொறியா, கேம்பிரிட்ஜின் எட்சாக்கா என்று பட்டம் சூட்டுவதிலேயே பக்கங்கள் தீர்ந்துவிடுகின்றன. பொறியைக் கட்டியவர்களுக்கு அந்த வழக்கு முக்கியம்தான். நிரல் எழுதிப் பிழைக்கும் நமக்கு வேறு கேள்வி இருக்கிறது: பொறி ஓடிய மறுநாள் அதன் முன் போய் நின்றவர்கள் என்ன செய்தார்கள்?

அந்தக் கேள்விக்குக் கேம்பிரிட்ஜைப்போல விடை தரும் இடம் வேறில்லை. எனியாக்கில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற, கேபிள்களைப் பிடுங்கிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்ப நாட்கணக்கில் ஆனது. (அதைச் செய்து காட்டிய ஆறு பெண்களின் பெயர்கள் பரவலாகத் தெரியவரப் பல பத்தாண்டுகள் பிடித்தன என்பது நம் துறைக்குப் பெருமை சேர்க்கும் செய்தியல்ல.) மான்செஸ்டரில் 1948 ஜூன் 21 அன்று டாம் கில்பர்னின் 17 கட்டளை நிரல் ஓடியது, கட்டளைகளை சுவிட்சுகள் வழியே பிட் பிட்டாக உள்ளே ஏற்ற வேண்டியிருந்தது. மாரிஸ் வில்க்ஸ் குழுவின் எட்சாக் 1949 மே 6 அன்று வர்க்கங்களின் அட்டவணையை அச்சிட்டபோது, அந்த நிரல் துளையிட்ட காகித நாடாவிலிருந்து, எழுத்தும் தசம எண்ணுமாக உள்ளே போனது.

அதற்குக் காரணம் டேவிட் வீலர் என்ற 22 வயது ஆய்வு மாணவர். பொறியின் நினைவகம் பாதரசக் குழாய்களில் ஒலித்துடிப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் கிடைத்த இடம் 17 பிட் அளவுள்ள 512 சொற்கள், ஏறத்தாழ ஒரு கிலோபைட். இந்த இடுக்கில் வீலர் எழுதிய 31 தொடக்கக் கட்டளைகள், தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் சுவிட்சுகளில் கம்பியாகவே கட்டப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தினால் அவை நினைவகத்தில் வந்து அமரும், நாடாவைப் படிக்கும், மனிதர் எழுதிய தசம முகவரியை இருமத்துக்கு மாற்றிக் கட்டளையாகக் கோக்கும். சில மாதங்களிலேயே அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு 41 கட்டளைகளில் புதிதாக எழுதினார். இந்த முறை, துணைநிரல் நினைவகத்தின் எந்த மூலையில் இறங்கினாலும் அதன் முகவரிகள் தாமாகவே சரிசெய்யப்பட்டன. இன்று அசெம்பிளர், லோடர், லிங்கர் என்று நாம் பிரித்துப் பேசும் வேலைகளின் கரு அந்த 41 வரிகளில் இருக்கிறது.

துணைநிரலை அழைக்க எட்சாக்கில் தனிக் கட்டளை கிடையாது. திரும்பி வரும் முகவரியை எங்கே வைப்பது? வீலரின் விடை இன்றும் சிரிக்க வைக்கிறது. 'ஏ' என்பது கூட்டல் கட்டளை. அழைக்கும் நிரல், தான் நிற்கும் இடத்தின் சொல்லையே, அதாவது அந்த 'ஏ' கட்டளையையே, காலியாக இருக்கும் கூட்டியில் ஏற்றிக்கொண்டு துணைநிரலுக்குத் தாவும். கூட்டியில் இப்போது இருப்பது கட்டளையா எண்ணா என்று பொறிக்குத் தெரியாது, அது பற்றிக் கவலையும் இல்லை. துணைநிரல் தன் முதல் வேலையாக அதனோடு 'யூ 2' என்ற மாறிலியைக் கூட்டும். 'ஏ'வின் குறியீடு 28, 'யூ'வின் குறியீடு 7, கூட்டினால் 35. ஐந்து பிட்டுக்குள் 32 வழிந்துபோக மிச்சம் 3. அதுதான் 'ஈ', தாவல் கட்டளை! முகவரியும் இரண்டு கூடி, அழைத்த இடத்துக்கு அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே சுட்டும். அப்படி விளைந்த கட்டளையைத் துணைநிரல் தன் கடைசி வரியில் நட்டுவிட்டு வேலையைத் தொடங்கும். தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் நிரலை இன்று நம் மதிப்பாய்வுக் கூட்டத்தில் யாராவது வைத்தால் எழுந்து நின்று எதிர்ப்போம். அன்று அது இல்லாமல் துணைநிரல் நூலகமே பிறந்திருக்காது.

ஆனால் இந்தத் தொழிலின் உண்மையான தொடக்கமாக நான் கருதுவது இந்தச் சாமர்த்தியத்தை அல்ல. வில்க்ஸ் எழுதிய முதல் பெரிய நிரல், ஏரி வகைக்கெழுச் சமன்பாட்டுக்குத் தீர்வு காண்பது. அந்த நாடா பல ஆண்டுகள் கழித்து அகப்பட்டது. வரலாற்றாய்வாளர் மார்ட்டின் கேம்ப்பெல் கெல்லி அதை ஆராய்ந்தபோது 126 வரிகளில் சுமார் இருபது பிழைகள் கண்டார். இனி வாழ்நாளில் பெரும்பங்கு சொந்த நிரல்களில் தவறு தேடுவதிலேயே கழியப்போகிறது என்று அந்த நாட்களில் ஒருநாள் படியேறும்போது தனக்கு உறைத்ததாக வில்க்ஸ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கவனமாக எழுதினால் சரியாக ஓடிவிடும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. உடைந்த பிறகுதான் வேலை தொடங்கியது.

முதலில் பொறியை ஒவ்வொரு கட்டளையாக ஓட்டி, திரையில் ஒளிப்புள்ளிகளை எட்டிப் பார்த்துப் பிழை தேடினார்கள். பொறி நேரம் அரிதாக இருந்தது. ஒருவர் எட்டிப் பார்க்கும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வில்க்ஸ் குழுவின் ஸ்டான்லி கில் அந்த வேலையை நிரலுக்கே கொடுத்தார். அவருடைய தடம்பற்றும் நிரல், சோதிக்கப்படும் நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றி, அவற்றின் எழுத்துகளைக் காகிதத்தில் அச்சிட்டது. நிரலாளர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விடலாம். 1949 ஜூனில் அதே கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் ஆலன் டூரிங் வேறு வழி சொன்னார்: நிரலின் இடையிடையே எது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்த்து, முழு நிரலும் சரி என்று நிறுவுங்கள். துறை கில்லின் பக்கமே சாய்ந்தது. டூரிங்கின் உரை ஏறக்குறைய மறக்கப்பட்டு, அறுபதுகளில் மற்றவர்கள் அதே வழிக்குத் தாமாக வந்து சேர்ந்தார்கள். நமக்கு இது இழப்பு என்றே நினைக்கிறேன்.

1951-க்குள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் 87 துணைநிரல்கள் சேர்ந்துவிட்டன. வேண்டியதைக் கையால் மறுபடி துளையிடாமல், நூலக நாடாவிலிருந்து கருவி கொண்டு அப்படியே படியெடுத்தார்கள். தட்டச்சுப் பிழைக்கு அங்கே வழியில்லை. ஒவ்வொன்றுக்கும் விவரக் குறிப்பு உண்டு: எத்தனை இடம் பிடிக்கும், வேலைக்கு எந்த இடங்களைப் பயன்படுத்தும், எவ்வளவு நேரம் எடுக்கும். வில்க்ஸ், வீலர், கில் மூவரும் அதே ஆண்டு வெளியிட்ட நூல் இந்த நூலகத்தைச் சுற்றியே எழுதப்பட்டது. அந்தக் கோடையில் கேம்பிரிட்ஜின் நிரலாக்க வகுப்புக்கு வந்தவர்களில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு மாணவரும் ஒருவர்.

நிரல் இணைத்து நமக்கு அனுப்பப்படும் கட்டுரைகளில், கேம்பிரிட்ஜ் நூலகத்தில் இருந்ததுபோன்ற விவரக் குறிப்பு இருப்பது அரிது. எவ்வளவு அழகாக ஓடுகிறது என்பதற்கு நான்கு பக்கம் கிடைக்கிறது. எந்த உள்ளீட்டில் தடுமாறும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எனவே அடுத்த இதழிலிருந்து, நிரலோடு வரும் ஒவ்வொரு கட்டுரையும் அரைப் பக்கத்துக்கு மிகாத விவரக் குறிப்புடன் வர வேண்டும்: நினைவகம், நேரம், பிற நிரல்களில் தொடும் இடங்கள், அறிந்த குறைகள். குறைகள் இல்லை என்று எழுதப்பட்ட குறிப்புகள் மதிப்பாய்வாளர் இருவருக்குப் பதில் மூவரிடம் போகும்.