சோலையும் ஷோலாவும்

தமிழ்ப் பத்திரிகைகளில் ‘ஷோலாக் காடுகள்’ என்றொரு பிரயோகம் பல வருஷங்களாகத் தலைகாட்டி வருகிறது. பழனி மலையின் உச்சிப் பள்ளங்களில், புல்வெளிகளுக்கு நடுவே, நீரோடைகளை ஒட்டி அடர்ந்து நிற்கும் குட்டை மரக் காட்டுக்கு இப்பெயரை வழங்குகிறார்கள். ‘ஷோலா’ என்பது என்ன பாஷை என்று கேட்கும் மாணவனுக்கு, அது தாவர சாஸ்திரத்தின் கலைச்சொல் என்று விடை கிடைக்கிறது. உண்மையில் அது நம் வீட்டுச் சொல். மலைக்காரர்கள் ‘சோலை’ என்று சொல்லி வந்ததை வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் காதில் வாங்கி, தங்கள் நாக்குக்கு இசைந்தபடி எழுதிக் கொண்டார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. சீமைக்குப் போய்ச் சட்டையும் தொப்பியும் மாட்டிக் கொண்டு திரும்பிய மகனைப் பெற்ற தாயே அடையாளம் தெரியாமல் ‘துரை’ என்று கும்பிட்டால் எப்படியோ, அப்படி நாம் நமது சொல்லையே அந்நியச் சொல்லாக எண்ணி வரவேற்கிறோமே, அதைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சொல் இங்கிலீஷுக்குள் புகுந்த விவரம் மறைவானதன்று. 1886-இல் யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் அகராதி வெளியாயிற்று. இந்தியாவில் வாழ்ந்த இங்கிலீஷ்காரர்களின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்ட சொற்களைத் திரட்டிய நூல் அது. தொகுத்தவர்களில் பர்னெல் என்பவர் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். சரஸ்வதி மஹால் ஏட்டுச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். நூல் வெளிவருமுன் 1882-இல் காலமானார். அந்த அகராதியைப் புரட்டினால் தமிழன் மார்தட்டிக் கொள்ள நிறைய விஷயம் உண்டு. அணைக்கட்டு ‘அனிகட்’ ஆயிற்று. தோப்பு ‘டோப்’ ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆகி உலகக் கடல்களெல்லாம் சுற்றுகிறது. மிளகு தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனதோடு நிற்கவில்லை. அந்த ரசத்தை ருசி கண்ட சென்னை ராஜதானி வெள்ளைக்காரர்களுக்கே ‘மல்’ என்று பட்டப் பெயர் வந்துவிட்டது. வங்காளத்து வெள்ளைக்காரர்கள் அப்படிக் கேலி செய்தார்கள். சந்தையின் கதை இன்னும் வேடிக்கை. சென்னை ராஜதானியின் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் வாரச் சந்தைக்கு ‘ஷாண்டி’ என்று பெயர். லண்டனிலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்த உத்தியோகஸ்தனுக்கோ ‘ஷாண்டி’ என்பது பீரில் இஞ்சித் தண்ணீர் கலந்து குடிக்கும் பானம். கிராமத்தார் கத்திரிக்காய் விற்க ஷாண்டிக்குப் போனார்கள் என்று தாசில்தார் எழுதிய குறிப்பை அவன் எப்படி வாசித்திருப்பானோ!

இவ்வாறு பிறர் நம்மிடம் சொல் வாங்குவது நமக்குப் பெருமையே. ஆனால் வாங்கியவன் தன் சொந்தக் கிராமத்துச் சொற்களை எப்படி நடத்தினான் என்பதை நாம் கவனித்தோமா? இங்கிலாந்தில் நீரோடையைத் தெற்கத்தியான் ‘புரூக்’ என்பான். யார்க்ஷயர்க்காரன் ‘பெக்’ என்பான். ஸ்காட்லாந்துக்காரன் ‘பர்ன்’ என்பான். சிறிய வட்ட ரொட்டிக்கு ஜில்லாவுக்கு ஒரு பெயர்: ஒரு பக்கம் ‘பேப்’, மற்றொரு பக்கம் ‘காப்’, லங்காஷயரில் ‘பார்ம்’. அங்கும் இந்தப் பேச்சைப் பட்டிக்காட்டுப் பேச்சென்று பரிகசித்தவர்கள் ஏராளம். யார்க்ஷயரில் பிறந்த வில்பிரட் பிக்கிள்ஸ் என்பவரை 1941-இல் பி.பி.ஸி. ரேடியோவில் செய்தி வாசிக்க வைத்தபோது, அவருடைய நாட்டுப்புற உச்சரிப்பைக் கேட்டுப் பலர் முகம் சுளித்தார்கள். எனினும் அதே தேசத்தில்தான் ஜோஸப் ரைட் தோன்றினார்.

ரைட் என்பவரின் வரலாற்றை நம் வாலிபர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். 1855-இல் யார்க்ஷயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் கல்லுடைக்கும் இடத்தில் கழுதை ஓட்டினார். பிறகு கம்பளி ஆலையில் கூலி வேலை. பதினைந்து வயது வரை எழுத்து வாசனை இல்லை. அப்புறம் தாமே படிக்கத் தொடங்கி, ஜெர்மனி சென்று டாக்டர் பட்டம் பெற்று, மாக்ஸ் முல்லர் வகித்த ஆக்ஸ்போர்டு பீடத்தில் 1901-இல் அமர்ந்தார். அங்கே அமர்ந்தும் தாம் ஆலையில் பேசிய பேச்சை அவர் மறைக்கவில்லை. அந்தப் பேச்சும் அதுபோன்ற ஊர்ப் பேச்சுக்களும் அடங்கிய இங்கிலீஷ் வட்டார அகராதியை 1898 முதல் 1905 வரை ஆறு பெருந் தொகுதிகளாக வெளியிட்டார். அதற்குப் பின்னும் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. லீட்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹரால்டு ஆர்ட்டன் முதலானோர் 1950-க்கும் 1961-க்கும் இடையே 313 ஊர்களுக்குச் சென்று, கிழ உழவர்களின் எதிரே உட்கார்ந்து, ஏரின் உறுப்புகளுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் அவர்கள் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதினார்கள்.

நம் முன்னோர்களும் இந்த விஷயத்தில் மந்தமானவர்கள் அல்லர். சொல்லை நான்காகப் பகுத்த தொல்காப்பியர், இயற்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் சமமாகத் திசைச்சொல்லுக்கு இடங்கொடுத்தார். உரையாசிரியர்கள் தென்பாண்டி நாட்டார் பசுவையும் எருமையையும் ‘பெற்றம்’ என்பதையும், பூழி நாட்டார் நாயை ‘ஞமலி’ என்பதையும், அருவா நாட்டார் சிறு குளத்தைக் ‘கேணி’ என்பதையும் குறித்து வைத்தார்கள். ஊர்ப் பேச்சை இலக்கணத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் தொல்காப்பியர் காட்டியதன்று. சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ் லெக்ஸிகனை வெளியிட்டது. 1939-இல் முடிந்த அநுபந்தத்தோடு அதில் அடங்கிய சொற்கள் 1,17,762. அந்த மாபெரும் வேலையை ஆரம்பித்து நடத்திய பதிப்பாசிரியர் சாண்ட்லர், மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார். அந்த மிஷன்காரர்களே 1845-இல் கோடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள். பின்னர் வையாபுரிப் பிள்ளை அவர்கள் பொறுப்பேற்று நிறைவேற்றினார்கள். ஆயினும் எவ்வளவு பெரிய அகராதியும் ஏட்டில் ஏறிய சொல்லுக்குக் கொடுக்கும் இடத்தை மலைக்காரன் வாயில் உள்ள சொல்லுக்குக் கொடுத்துவிட முடியாது.

அந்த மலைக்காரன் வாயில் என்ன இருக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். ‘கானல்’ என்றதும் படித்தவனுக்கு நினைவு வருவது கடற்கரைச் சோலை, அல்லது வெயிலில் தோன்றும் பொய்நீர். ஆனால் மலைச்சாரலில் உள்ள காட்டுக்கும் அப்பெயர் உண்டென்று அகராதிகள் கூறுகின்றன. கோடைக்கானலுக்குப் பக்கத்திலேயே வட்டக்கானல் என்ற ஊரும் இருக்கிறது. ஏட்டில் ஒரு வரியாகக் கிடக்கும் பொருள் மலையில் இரண்டு ஊர்களின் பெயராக உயிரோடிருக்கிறது. பெரியகுளத்திலிருந்து ஏறும் பழைய நடைபாதையில் வெள்ளகவி என்னும் சிற்றூர் உண்டு. வெள்ளக்கெவி என்றும் சொல்வார்கள். கெவி அல்லது கெபி என்றால் மலைக்குடைவு. தானியேலைச் சிங்கங்களின் கெபியில் போட்ட கதையைத் தமிழ் வேதாகமத்தில் படிக்கும் கிறிஸ்தவர்கள் இச்சொல்லை அறிவார்கள். மற்றவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? ‘மெட்டு’ என்றால் பட்டணத்தானுக்குப் பாட்டின் மெட்டு. போடிமெட்டு, கம்பம்மெட்டு என்னும் இடங்களுக்குப் போய் நின்று பார்த்தவனுக்குத்தான் அது மலையைக் கடக்கும் கணவாய் மேடு என்பது விளங்கும்.

தேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டணத்தில் தேன் என்றால் புட்டியில் அடைத்தது ஒன்றே. அதில் அசல், போலி என்ற இரண்டு பேதந்தான் உண்டு. தேனெடுப்போர் பேச்சில் மலைப்பாறையில் பெருங்கூடு கட்டும் ஈயின் தேன் மலைத்தேன். செடிக் கொம்பில் ஒற்றை அடையாகத் தொங்குவது கொம்புத்தேன். பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை வைப்பது அடுக்குத்தேன். கொசுவைப் போன்ற சிறிய ஈ சேர்ப்பது கொசுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஈ வேறு, இடம் வேறு, ருசியும் வேறு. பழனி மலையின் பழங்குடிகளான பளியர்கள் தேனெடுத்தும் காட்டுக்கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்து வந்தவர்கள். அவர்களுடைய பேச்சில் ஒரு சொல் குறைந்தால் காட்டைப் பற்றிய ஓர் அறிவே குறைந்தது என்று பொருள். காட்டையே மாற்றிவிட்டால் சொல் தானாகவே போகும். புல்வெளிகளில் வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்களை நெருக்கி நட்டார்கள். புல் போன இடத்தில் புல்லின் பெயர்களை யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பது? இன்று உல்லாசப் பிரயாணிகள் பைன் காட்டில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள்.

இடப்பெயர்களின் நிலைமை கலப்படமானது. 1821-இல் வார்டு என்ற லெப்டினெண்ட் இம்மலையை அளந்தது முதல் வெள்ளைக்காரர்கள் தத்தம் பெயரை இங்கே விதைத்தார்கள். கோக்கர் நடை, பிரயண்ட் பூங்கா, மோயர் முனை என்று பட்டியல் நீளும். பழனி மலையே அவர்கள் கையில் ‘புல்னி’ ஆயிற்று. சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜ் ஆசிரியர் பைஸன் 1915-இல் வெளியிடத் தொடங்கிய தாவர நூலின் தலைப்பிலேயே அந்தக் கோலத்தைக் காணலாம். பொதினி என்று சங்க காலத்தில் பாடப்பெற்று, மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் குலத்தார் ஆண்ட மலை அது! கோடை மலைத் தலைவனாகிய கடிய நெடுவேட்டுவனைப் புறநானூற்றின் 205-ஆம் பாட்டு பேசுகிறது. ஆனால் வெள்ளைக்காரர் வைத்த பெயர் அத்தனையையும் அழித்துவிட வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. கோக்கர் பாதை போட்டார், பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். பெயர் மாற்றும் வேலையை ஜனங்களே சர்க்காரைவிடச் சாமர்த்தியமாகச் செய்வார்கள். ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று துரைமார் அழைத்த பள்ளம், 1991-இல் வெளிவந்த ஒரு சினிமாவுக்குப் பிறகு ‘குணா குகை’ ஆகிவிட்டது. எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. இதற்கு மாறாக, 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்பத் திருத்தி 2020-இல் சர்க்கார் போட்ட உத்தரவு, வெளியான சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

பிற பாஷைச் சொல் வந்து கலப்பதைப் பற்றியும் நமக்குப் பயமில்லை. ‘பேர்’ என்ற பழத்தைப் பேரிக்காய் என்றும், யூகலிப்டஸைத் தைலமரம் என்றும் ஆக்கிக் கொண்ட ஜனங்களுக்கு எதையும் ஜீரணிக்கும் சக்தி உண்டு. சௌசௌ என்ற காய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்குச் சமவெளியில் பெங்களூர்க் கத்திரிக்காய் என்றும், நீலகிரியில் மேரக்காய் என்றும் பெயர் வைத்து மூன்றையும் வழங்குகிறார்கள். மலையடிவாரத்துச் சாலைப் பிரிவுக்குக் ‘காட்ரோடு’ என்றே பெயர் நிலைத்து, அந்தப் பெயர் சொல்லித்தான் பஸ்ஸில் சீட்டு வாங்குகிறார்கள்.

அபாயம் இருப்பது வெட்கத்தில். மலையிலிருந்து படிக்க இறங்கும் பிள்ளை தன் வீட்டுச் சொல்லை வாய்தவறிச் சொன்னால் வகுப்பு சிரிக்கிறது. உபாத்தியாயரும் சில சமயங்களில் சேர்ந்து சிரிக்கிறார். அன்று முதல் அந்தப் பிள்ளை அச்சொல்லைச் சொல்வதில்லை. தன் குழந்தைக்கும் கற்பிப்பதில்லை. வட்டாரப் பேச்சை வளர்த்தால் தமிழ் துண்டு துண்டாகப் போகுமே என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். பரீட்சைத் தாளில் பொதுத் தமிழே எழுதட்டும். அதில் நமக்குத் தகராறு இல்லை. பொதுத் தமிழுக்குச் சொல் வறட்சி ஏற்படும் போது கைகொடுப்பது இந்த ஊர்ப் பேச்சுக்கள்தாம் என்பதை மட்டும் ஆட்சேபிக்கிறவர்கள் மறக்கலாகாது. காட்டைக் குறிக்கச் ‘சோலை’ இருக்க ‘ஷோலா’வைத் தேடிப் போனது இந்த மறதியால்தான்.

கி. ராஜநாராயணன் கரிசற்காட்டு வழக்குச் சொற்களுக்கு 1982-இல் அகராதி வெளியிட்டார். கல்லூரிப் படிப்பு இல்லாத விவசாயி அவர். கொங்கு நாட்டுக்குப் பெருமாள்முருகனும், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் அந்தத் தொண்டைச் செய்தார்கள். மூவரும் கதாசிரியர்கள் என்பது கவனிக்கத் தக்கது. சம்பளம் வாங்கும் சர்வகலாசாலைகளுக்கு இது கௌரவமான செய்தியன்று. பழனி மலைக்கும் அப்படி ஓர் அகராதி வேண்டும். கோடைக்கானலிலேயே அன்னை தெரசா மகளிர் சர்வகலாசாலை 1984 முதல் இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமம் இருக்கிறது. மாணவிகளும் மாணவர்களும் விடுமுறை நாட்களில் பூம்பாறை, கவுஞ்சி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று ஊர் ஊராகச் சென்று முதியோர்களிடம் கேட்டு எழுதட்டும். பளியர் பேச்சைத் தனியே, அவர்களுடைய சம்மதத்தோடும் அவர்களிலேயே படித்த இளைஞர்களைக் கொண்டும் பதிவு செய்ய வேண்டும். மலையுச்சியிலிருந்து பல ஜில்லாக்களுக்குக் கேட்கும் கோடைப் பண்பலை வானொலி, மலைக்காரர்களின் பேச்சை அவர்கள் குரலிலேயே வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒலிபரப்பலாம். கோடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டை நடுவதற்கும் காய வைப்பதற்கும் உழவர்கள் வழங்கும் சொற்களையும் அதோடு சேர்த்துக் குறித்து வைத்திருக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் சிறிது காலமும் பணமும் பிடிக்கலாம். முதற் காரியத்துக்கு இரண்டும் வேண்டாம். பாடப் புத்தகத்திலும் வன இலாகாவின் தமிழ்ப் பலகையிலும் பத்திரிகையிலும் ‘ஷோலா’ எங்கே கண்ணில் பட்டாலும் அதை அடித்துச் ‘சோலை’ என்று எழுதிவிட வேண்டும். பலகைக்கு ஒரு டப்பா வர்ணம் போதும். பத்திரிகைக்கு அதுவும் தேவையில்லை.