சூரியகாந்தி விதைக்கு யார் எஜமான்?

இண்டூரில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு சிறு விவசாயி என்னைத் தம் காட்டுக்கு அழைத்துப் போனார். ராகியும் நிலக்கடலையும் விளையும் மானாவாரி பூமி. ஓரமாக அரை ஏக்கர் சூரியகாந்தி. ஒரு செடி ஆளுயரம்; அடுத்தது இடுப்பளவு. ஒன்று பூத்து முற்றிவிட்டது. ஒன்று இன்னும் மொட்டு. "போன வருஷம் கடையில பாக்கெட் விதை வாங்கிப் போட்டனுங்க தோழர். நல்லா வெளஞ்சுது. அதுலயே விதை எடுத்து இந்த வருஷம் போட்டேன். என் மண்ணு கெட்டுப் போச்சுங்களா?" என்றார்.

மண் கெடவில்லை. அவர் வாங்கியது வீரிய ஒட்டு விதை. அந்த வீரியம் ஒரே தலைமுறைக்குத்தான்.

இந்த விதை எப்படித் தயாராகிறது? மகரந்தம் இல்லாத ஆண் மலட்டுச் செடிகளைச் சில வரிசைகளிலும், மகரந்தம் தரும் வேறு ரகச் செடிகளைப் பக்கத்து வரிசைகளிலும் நடுவார்கள். தேனீ மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும். மலட்டுச் செடியில் விளையும் மணியே ஒட்டு விதை. அதை விதைத்தால் பயிர் ஒரே சீராக வளரும், மகசூலும் அதிகம். ஆனால் அந்தப் பயிரின் விதையை மறுபடி போட்டால், தாய் தந்தை குணங்கள் பிரிந்து பலவிதமாகக் கிளம்பும். சில செடிகளில் மகரந்தமே இராது. ஆகவே வருஷாவருஷம் கடைக்காரனிடம் கை நீட்டியே தீரவேண்டும். பூட்டு விதைக்குள்ளேயே இருக்கிறது!

சூரியகாந்தியை முதலில் பயிராக்கியவர்கள் வட அமெரிக்காவின் ஆதிகுடி மக்கள். ரஷ்யாவில் புஸ்தவோய்த் என்ற விஞ்ஞானி 1912 முதல் கிராஸ்நோடாரில் பாடுபட்டு, 30 சதவீத அளவில் இருந்த எண்ணெய்ச் சத்தை 50 சதவீத அளவுக்கு உயர்த்தினார். அவருடையவை ஒட்டு விதைகள் அல்ல; எடுத்து வைத்து மறுபடி விதைக்கக்கூடிய ரகங்கள். 1969-ல் பெரடோவிக் முதலிய சோவியத் ரகங்கள் இந்தியாவுக்கு வந்தபோதுதான் இங்கே இது எண்ணெய்ப் பயிராக வேரூன்றியது.

அதே 1969-ல் பிரான்சில் லெக்லர்க் என்பவர், காட்டுச் சூரியகாந்தியோடு கலந்து ஆண் மலட்டுத் தன்மையைக் கண்டறிந்தார். அதைக் கொண்டு பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகம் 1980-ல் நாட்டின் முதல் ஒட்டு ரகமான பி.எஸ்.எச்.-1ஐ வெளியிட்டது. அது மக்கள் பணத்தில் விளைந்த விஞ்ஞானம்.

ஆகவே ஒட்டு விதையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாய் தந்தை விதைகள் யார் கையில் இருக்கின்றன என்பதே கேள்வி. 1988-ல் வந்த புதிய விதைக் கொள்கை தனியாருக்கும் அந்நியக் கம்பெனிகளுக்கும் கதவைத் திறந்தது. விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாறிக்கொள்ள விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சேமித்தும் பயன்படாத விதையை மட்டுமே சந்தையில் விட்டால், அந்த உரிமையால் என்ன லாபம்?

மில் தொழிலாளித் தோழர்களே, இது காட்டுக்காரன் சங்கதி என்று ஒதுக்காதீர்கள். 1994-ல் பாமாயில் இறக்குமதியைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் 20 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த சூரியகாந்தி, 2020-க்குப் பின் 3 லட்சத்துக்குள் சுருங்கிவிட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் குண்டு விழுந்தது. உங்கள் சமையற்கட்டில் எண்ணெய் விலை ஏறியது. நம் மண்ணில் பயிரைச் சாகவிட்டதற்குக் கூலி இது.

சர்க்கார் செய்யவேண்டியது என்ன? மறுபடி விதைக்கத்தக்க ரகங்களைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தின் மூலம் மானாவாரி விவசாயிகளுக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். பொது ஸ்தாபனங்களின் ஒட்டு ரகங்களுக்குரிய தாய் தந்தை விதைகளைக் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைத்து, இங்கேயே விதை தயாரிக்க வேண்டும்; நம் பெண்களுக்கு நியாயமான கூலியில் வேலையும் கிடைக்கும். 'இதன் விளைச்சலை விதையாக்க முடியாது' என்று பாக்கெட்டின் மேல் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட வேண்டும். ஆதார விலையை அறிவித்தால் போதாது, கொள்முதலும் செய்ய வேண்டும்.

நாம் செய்யவேண்டியதும் உண்டு. நல்ல ரகத்தை ஒருவர் மட்டும் போட்டால், பக்கத்துக் காட்டு மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து கலந்துவிடும். சேர்ந்தாற்போலுள்ள காடுகள் எல்லாம் ஒரே ரகம் போட்டால்தான் விதை சுத்தமாக நிற்கும். தனியாளாக நின்றால் விதைகூடத் தங்காது தோழர்களே! சேர்ந்து நின்றால் விதையும் நமது, விளைச்சலும் நமது.